யோசிக்க நிப்பாட்டினால் நிக்கிற மெஷின்

(ஒஷாவா கணினி திருத்தும் பட்டறையில் பேசியதன் எழுத்து வடிவம்)

இந்தக் குளிருக்குள்ள ஸ்காபரோவிலயிருந்து 401-ஆல ஒஷாவா வரைக்கும் வந்ததுக்கு முதல்ல நன்றி. என்ர தமிழ் அங்கங்க தடக்கும், பொறுத்துக்கொள்ளுங்கோ.

2025 ஒக்டோபர் 14-உடன் மைக்ரோசொப்ட் விண்டோஸ் 10-க்கான ஆதரவை முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 கேட்கிற பாதுகாப்புச் சிப்பும் புதிய புரொசெசரும் இல்லாத லப்டொப்கள், நல்லா ஓடிக்கொண்டிருந்தாலும், ஒரே நாளில் பழசாகிவிட்டன. அவற்றைச் சேர்த்து, லினக்ஸ் போட்டு, புதிதாக வந்த ஆக்களுக்குக் கொடுக்கிறோம். இது உங்களுக்குத் தெரியும். இன்றைக்கு நாங்கள் கொடுத்துப் பிழைத்துப்போன ஒன்றைப் பற்றிச் சொல்லப் போறன்.

ஊரிலிருந்து வந்த ஒரு அண்ணா. அகதிக் கோரிக்கைக்கான படிவத்தில், தான் ஏன் வந்தேன் என்ற கதையை எழுதிக்கொண்டிருந்தார். கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. லப்டொப் அடிக்கடி உறைஞ்சுபோகும். பவர் பட்டனை அமத்திப் பிடித்து அணைத்தால் எழுதினது போய்விடும், திரும்ப முதலிலயிருந்து. அந்தக் கதையைத் திரும்பத் திரும்ப எழுதுறது என்றால் என்ன என்று உங்களில சில பேருக்கு நான் சொல்லத் தேவையில்லை. எனக்கு போன் எடுத்து முதல்ல கேட்டது: "தங்கச்சி, நான் ஏதும் பிழையா அமத்திப்போட்டனோ?"

இல்லை அண்ணா. சோதிக்காமல் தந்தது நாங்கள்.

மெஷின் உறைந்தால் உடனே அணைக்காதேங்கோ. முதலில் கப்ஸ் லொக்கை அமத்திப் பாருங்கோ. லைட் மாறினால் பெரும்பாலும் கேர்னல் உயிரோடு இருக்கிறது, திரைதான் போயிருக்கிறது. மாறவில்லை என்றால் விசயம் ஆழம். லினக்ஸ் கேர்னலுக்குள்ளேயே இதைக் கண்காணிக்கிற ஒரு காவல்காரன் இருக்கிறான். ஒரு சிபியு 20 செக்கனுக்கு மேல் கேர்னலுக்குள்ளேயே சுற்றி, வேறு வேலைக்கு இடம் விடாவிட்டால் அதை சொஃப்ட் லொக்கப் என்று எழுதிவைப்பான். 10 செக்கனுக்கு இன்ரரப்ட் என்கிற கதவுத்தட்டலுக்கும் பதில் இல்லை என்றால் அது ஹார்ட் லொக்கப்.

எங்கட மெஷினின் பதிவில் ஒன்றுமே இல்லை. பாதி வரியோடு நின்றது. மெஷின் முற்றாகச் செத்தால் கடைசிச் செய்தி டிஸ்க்குக்குப் போய்ச் சேராது. அதற்கு நெற்கொன்சோல் என்று ஒன்று இருக்கிறது. கேபிளால் இன்னொரு லப்டொப்பை இணைத்தால், சாகிற மெஷின் தன்ர கடைசிச் சொல்லை அங்கே அனுப்பும். அதிலும் ஒன்றும் வரவில்லை. ராமை ஒரு இரவு முழுக்கச் சோதித்தோம், பிழை இல்லை. சூடும் இல்லை.

கடைசியில் துப்புத் தந்தது அண்ணாதான். "தட்டிக்கொண்டிருக்கேக்க நிக்காது. யோசிக்க நிப்பாட்டினால்தான் நிக்குது," என்றார். ஒரு கையால் மவுஸை ஆட்டிக்கொண்டு மற்றக் கையால் எழுதப் பழகியிருந்தார். பதிவுகளில் இல்லாதது அந்தக் கையில் இருந்தது.

வேலை இல்லாத நேரம் சிபியு உறங்கும். சி1 என்றால் கோழித்தூக்கம். சி6 என்றால் அந்த கோருக்கு மின்சாரத்தையே வெட்டிவிடுகிற ஆழ்ந்த உறக்கம். சில சிப்கள் அதிலிருந்து சரியாக எழும்பாது. மெஷின் தொடங்கும்போது கேர்னலுக்கு ஒரு வரி கூடச் சேர்த்து, ஆழ்ந்த உறக்கத்தைத் தடுத்தோம். நாலு நாள் ஒரு தடவையும் உறையவில்லை. ஆனால் பற்றறி கெதியில் இறங்கியது, மெஷினும் சுட்டது. பிறகு புதிய கேர்னல் போட்டு, அந்த வரியை எடுத்துவிட்டுப் பார்த்தோம். தாங்கியது. எந்தக் கம்பனி, எந்தச் சிப் என்பதை விடுவம்.

உலகத்துக்குத் தெரிந்த வழக்குகள் வேறு இருக்கின்றன. 2013-இல் வந்த இன்டெல் பே ட்ரெய்ல் சிப்கள் மலிவு லப்டொப்களிலும் டப்ளட்களிலும் இருந்தன. லினக்ஸில் அவை உறையும் பிரச்சினை கேர்னலின் பொதுப் பிழைப்பட்டியலில் 2015-இல் 109051 என்ற எண்ணோடு பதிவானது. நூற்றுக்கணக்கான பின்னூட்டங்கள். சி6-ஐ மட்டும் அணைத்து சி7-ஐ விட்டுவைக்கிற ஒரு சின்ன ஸ்கிரிப்ட் கைமாறியது. மலிவு மெஷின் வாங்கின ஆக்கள், சம்பளம் இல்லாமல், வருசக்கணக்காகச் சோதித்தார்கள்.

எனக்குப் பிடித்த உதாரணம் இன்னும் பழசு. 1994-இல் பென்டியம் சிப் வகுத்தல் கணக்கைப் பிழையாகச் செய்தது. சத்தம் எழும்பி, இன்டெல் மாற்றிக் கொடுக்க வேண்டி வந்தது. அதற்கென்று 475 மில்லியன் டொலரைக் கணக்கில் எழுதியது. 1997 நவம்பரில் அதே பென்டியத்தில் இன்னொன்று: எஃப்00எஃப். எந்தச் சாதாரண நிரலும் ஒரேயொரு கட்டளையால் மெஷினை முழுக்கப் பூட்டிவிடலாம். லினக்ஸ்காரர் நாட்கணக்கில் பாட்ச் எழுதினார்கள். பிழையான கட்டளை வந்தால் சிபியு பார்க்கிற அட்டவணையை, அது தடக்கி விழுகிற ஒரு நினைவகப் பக்கத்தில் வேண்டுமென்றே வைத்தார்கள். விழுந்ததால் பூட்டு உடைந்தது. எவ்வளவு குறும்பான மூளை! ஆனால் சிப்பின் ஓட்டை அப்படியே இருந்தது, அதை மூடுகிற வேலை மட்டும் இந்தப் பக்கம் வந்துவிட்டது. பாட்ச் எங்களைக் காப்பாற்றுகிற அளவுக்குக் கம்பனியையும் காப்பாற்றுகிறது. இதைச் சொல்லாமல் திறந்த மூலத்தைக் கொண்டாட எனக்கு மனம் வரேல்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. கேர்னல் பாட்ச்களில் பெரும்பங்கை எழுதுறது கம்பனிகளில் சம்பளம் வாங்குகிற பொறியியலாளர்தான், இன்டெல்காரரும் அதில் உண்டு. 'தன்னார்வலர் உலகம்' என்று கற்பனை செய்யாதேங்கோ. வித்தியாசம் என்னவென்றால், அவர்கள் எழுதுவதை நாங்கள் திறந்து பார்க்கலாம், மாற்றலாம், கம்பனி கைவிட்ட மெஷினிலும் போடலாம்.

சட்டம் பின்னுக்குத்தான் வருகிறது. ஒன்ராறியோவில் திருத்தும் உரிமைக்கான சட்டமூலம் 2019-இல் தோற்கடிக்கப்பட்டது. 2024 நவம்பரில் மத்தியில் சி-244 நிறைவேறியது. திருத்துவதற்காக டிஜிட்டல் பூட்டை உடைப்பது இனிக் குற்றமில்லை. ஆனால் உதிரிப்பாகமோ கைநூலோ தரவேண்டும் என்று அது கம்பனியைக் கட்டாயப்படுத்தாது. கதவைத் திறக்கலாம், உள்ளே லைட் இல்லை.

இனிமேல் கொடுக்கிற ஒவ்வொரு லப்டொப்பையும் இரண்டு நாள் சோதிப்பம்: ஒரு நாள் வேலை வாங்கி, ஒரு நாள் சும்மா விட்டு. இந்தச் சும்மா விடுறதைத்தான் நாங்கள் அண்டைக்குச் செய்யவில்லை. உறைந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று கேட்டு எழுதுவதற்கு ஒரு கொப்பியும் வைப்பம், தமிழிலேயே. அண்ணா படிவத்தைக் கெடுவுக்குள் அனுப்பிவிட்டார். விசாரணைக்கு இன்னும் திகதி வரேல்லை.

மேசையில ஆறு மெஷின் இருக்கு, மூன்று உறையுது. ஸ்க்ரூ டிரைவர் பின்னுக்கு, தேத்தண்ணி வலப்பக்கம். வாங்கோ.