கறுப்பு உடலும் தராசும்

(மாணவர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



கறுப்பின மக்கள் போராட்டம்னு ஆரம்பிச்சா நாம உடனே மால்கம் எக்ஸ், மார்ட்டின் லூதர் கிங்னு போயிடுறோம். 1972இல் பம்பாயில் தலித் பேந்தர்ஸ் தொடங்கியவர்கள் கருஞ்சிறுத்தைகளின் பெயரை எடுத்துக்கொண்டதிலிருந்து இந்த உறவு நமக்குப் பழக்கமானது. குத்துச்சண்டைன்னா முகமது அலி. நான் பேசப்போறது அலி பிறப்பதற்கு முப்பது வருஷத்துக்கு முன்னாடியே செத்துப்போன ஒருத்தரைப் பத்தி.

ஜோ கான்ஸ். 1874இல் பால்டிமோரில் பிறந்தவர். 1902 மே 12 அன்று கனடாவின் ஃபோர்ட் எரீயில் ஃபிராங்க் எர்ன் என்ற வெள்ளையரை முதல் சுற்றிலேயே வீழ்த்தி, லைட்வெயிட் எனப்படும் இலகு எடைப் பிரிவின் உலகப் பட்டத்தைப் பிடித்தார். அமெரிக்காவில் பிறந்த கறுப்பர் ஒருவர் உலகப் பட்டம் வென்றது அதுதான் முதல் தடவை.

கறுப்பனுக்கு உடம்பு உண்டு, மூளை கிடையாது என்பது வெள்ளை ஆதிக்கத்தின் பழைய பாட்டு. நம்மைப் பார்த்தும் இதையேதான் சொன்னான். கான்ஸ் ஒரு அசைவைக்கூட வீணாக்காதவர். எதிராளியின் குத்தை வழியிலேயே தடுத்து, அவன் திறந்துவிடும் இடத்துக்காகக் காத்திருப்பார். அவரை ஆசான் என்றே அழைத்தார்கள்.

சரி, பட்டம் வந்துடுச்சே, அப்புறம் என்ன குறைன்னு கேக்கலாம். 1906 செப்டம்பர் 3, நெவாடா மாநிலத்தின் கோல்டுஃபீல்டு. தங்கச் சுரங்க ஊர். சண்டையை நடத்தியவர் டெக்ஸ் ரிக்கார்ட். எதிராளி பேட்லிங் நெல்சன், வெள்ளையர். பட்டம் வைத்திருப்பவர் கான்ஸ். ஆனால் நிபந்தனை போட்டது நெல்சனின் மேலாளர். கான்ஸ் 133 பவுண்டைத் தாண்டக்கூடாது, அதுவும் சண்டைக்கான உடுப்போடும் காலணியோடும் சேர்த்து. சண்டை நாளன்றே மூன்று முறை தராசில் ஏற்றினார்கள். கூலியில் கான்ஸுக்கு 11,000 டாலர். நெல்சனுக்கு அதைப்போல இரண்டு மடங்கு. ஒரே மேடை, ஒரே வேலை. இந்தக் கணக்கை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அந்தப் பட்டினி உடம்போடு பாலைவன வெயிலில் 42 சுற்றுகள். கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். நடுவிலே கை முறிந்தும் காட்டிக்கொள்ளவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். கடைசியில் நெல்சன் இடுப்புக்குக் கீழே குத்தினார். நடுவர் ஜார்ஜ் சைலர் அவரைத் தகுதிநீக்கம் செய்து கான்ஸ் வென்றதாக அறிவித்தார்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. 1900இல் சிகாகோவில் டெர்ரி மெக்கவர்னிடம் இரண்டாவது சுற்றிலேயே விழுந்தார். பேசிவைத்த தோல்வி என்று ஊரே கத்தியது. அந்த நகரத்தில் குத்துச்சண்டைக்கே தடை வந்தது. அவரைப் புனிதராக்க நான் இங்கே வரலை. ஆனால் கறுப்பர் எப்போது ஜெயிக்கலாம், எப்போது தோற்கணும் என்று முடிவு பண்ணியவர்கள் யாரு? பழி மட்டும் யார் தலையில் விடிந்தது?

கோல்டுஃபீல்டு காசில் பால்டிமோரில் அதே பெயரில் ஒரு ஓட்டல் திறந்தார். பின்னாளில் புகழ்பெற்ற யூபி பிளேக், இளைஞனாக அங்கே பியானோ வாசித்தார். 1908இல் நெல்சனிடம் இரண்டு முறை தோற்றுப் பட்டம் போனது. அதற்குள் காசநோய் அவரைப் பிடித்திருந்தது. எடைக்காகப் பட்டினி கிடந்ததுதான் காரணம்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன். காசநோய் கிருமியால் வருவது. ஆனா உடம்பைக் காயப்போட்டா அது யாருக்குச் சாதகம்?

1910 ஜூலை 4இல் அதே நெவாடாவில், அதே ரிக்கார்ட் நடத்திய சண்டையில், ஜாக் ஜான்சன் என்ற கறுப்பர் ஜெஃப்ரீஸை வீழ்த்தினார். பல ஊர்களில் வெள்ளையர்கள் கறுப்பர்களைத் தாக்கிக் கொன்றார்கள். கான்ஸ் அப்போது உயிரோடுதான் இருந்தார். ஐந்து வாரம் கழித்து, ஆகஸ்ட் 10இல், பால்டிமோரில் இறந்தார். வயது 35.