தூண்டில் ஈயும் ஒரு துளிப் பசையும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச். சி. வில்சன் முயற்சியால் டிரவுட் மீன் நம் நீலகிரி ஓடைகளில் குடியேறியது. அவலாஞ்சியில் பொரிப்பகமும் அமைந்தது. பூச்சி தின்னும் அம்மீனைப் பிடிக்க, தூண்டில் முள்ளில் இறகை நூலால் கட்டி, ஈயைப் போலச் செய்வர்.

வேலை கெடுவது இறுதியில் பசையிடும்போதுதான். தூரிகையால் தடவினால் இறகு ஒட்டிக்கொள்ளும், முள்ளின் காது அடைபடும். நாம் கட்டிய முதல் ஈக்கள் பல இவ்வாறே வீணாயின! குளிரில் விரல் விறைத்து நிற்பவன் அடைபட்ட காதில் எங்ஙனம் நரம்பு கோப்பான்?

ஊசிமுனையில் ஒரு துளி எடுத்து, கடைசி முடிச்சின்மீது மட்டும் வைத்தல் வேண்டும், நூல் உறிஞ்சிக்கொள்ளும். காதில் புகுந்த பசையை, காயுமுன் ஓர் இறகை அதனூடே இழுத்து நீக்கலாம்.

வீட்டுச் சேவலின் கழுத்திறகே போதும். காட்டுச் சேவலை 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காக்கின்றது. இறகுக்காக அதனை எவரும் பிடிக்கலாகாதென ஊராட்சி உறுப்பினர்கள் எடுத்துரைத்தல் நலம்.