நீர்மட்டம் அறியும் கருவிகள்
(ஊராட்சி உறுப்பினர் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஆற்றிய உரை)



நீர்மட்டத்தின் அருமையைக் கம்பம் பள்ளத்தாக்கினருக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பெரியாறு அணையில் 142 அடிவரை நீர் தேக்க உச்ச நீதிமன்றம் 2014-இல் அனுமதித்ததையும், 71 அடி நீர் தேக்கும் வைகை அணை 66 அடியை எட்டியதும் கரையோர ஊர்களுக்கு முதல் எச்சரிக்கை விடப்படுவதையும் சிறுவரும் அறிவர். ஆயினும், நம் ஊர் மேல்நிலைத் தொட்டியின் மட்டத்தை, அது நிரம்பி வழியும்போதுதான் அறிகிறோம். வழிவது நீர் மட்டுமன்று. அதை மேலேற்றிய மின்சாரமும் ஊராட்சியின் பணமுமாகும். அதே வேளையில் கடைசித் தெருக் குழாய் வறண்டிருக்கவும் கூடும்.

இதைத் தடுக்கக் கருவிகள் பல உள்ளன. விற்பவர் புகழ்ச்சியை நம்பாது, நம் தேவைக்கு ஏற்றதையே தேர்ந்தெடுத்தல் வேண்டும்.

மிதவைச் சுவிட்சு எளியது, விலை குறைந்தது. தொட்டி நிரம்பியதும் மோட்டாரை நிறுத்திவிடும். ஆனால் எவ்வளவு நீர் உள்ளதெனக் கூறாது.

உலோகக் கம்பிகளைத் தொங்கவிடும் முறையில், நீர் கம்பிகளைத் தொட்டதும் மின்னோட்டம் பாயும். கிணறு வற்றியபின் மோட்டார் வீணே ஓடிக் கருகாமல் காக்க உழவர்க்கு இது உதவும். உப்பு நீரில் கம்பிமேல் படிவு ஏறுமாதலால், அவ்வப்போது துடைத்தல் அவசியம்.

நீரின் அடியில் வைக்கப்படும் அழுத்தமானி, மேலுள்ள நீரின் அழுத்தத்தைக் கொண்டு மட்டத்தைக் கூறும். 10 மீட்டர் ஆழ நீர், சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோ அழுத்தம் தரும். ஆழ்குழாய்க் கிணற்றுக்கு இது பொருத்தமானது.

நான்காவது கருவி, காதுக்குக் கேளாத ஒலியை மேலிருந்து அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தைக் கணக்கிடும். நீரைத் தொடாததால் படிவுத் தொல்லை இல்லை. நீர் மிக அருகே வந்தால் இது அளக்க இயலாது. ஆகையால் நிரம்பும் மட்டத்திற்குச் சற்று மேலே பொருத்துக. ஏணியோ, நீர் விழும் குழாயோ ஒலியின் வழியில் குறுக்கிடலாகாது.

வாங்குமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: மோட்டாரை நிறுத்தினால் போதுமா, அளவும் தெரிய வேண்டுமா? பழுதானால் செப்பனிட அருகில் ஆள் உண்டா? உயரத்தில் அமையும் கருவிக்கு இடிமின்னல் பாதுகாப்பு உண்டா?

எக்கருவியை வைத்தாலும், மிதவையோடு கயிற்றால் பிணைத்த முள்ளும், அளவு எழுதிய பலகையும் தொட்டியின் வெளிச்சுவரில் இருக்கட்டும். மாதம் ஒருமுறை இரண்டையும் ஒப்பிட்டால் கருவியின் பிழை வெளிப்படும். இருக்கும் நீரை ஊரார் அனைவரும் கண்டறியவும் இயலும். அடுத்த கூட்டத்திலேயே இதனை விவாதித்துத் தீர்மானிக்குமாறு வேண்டுகிறேன்.