மிச்சம்தான், சந்தேகமே வேண்டாம்!

(தலைப்பு: கட்டணம் குறைந்த விமானத்தில் போனால் மிஞ்சுவது பணமா? மனக்கஷ்டமா? ‘பணமே’ என்ற அணியில் இரண்டாவதாகப் பேசியது.)



எனக்கு முன்னால் பேசிய எதிரணிச் சகோதரி ஒரு பழமொழி சொன்னாங்க. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்! டிக்கெட் மலிவு, ஆனா பெட்டிக்குத் தனிக் காசு, ஜன்னல் சீட்டுக்குத் தனிக் காசு, குடிக்கிற தண்ணிக்குத் தனிக் காசுன்னு அடுக்கினாங்க. கைதட்டல் பிரமாதமா விழுந்தது. நானும் தட்டினேன். (சிரிப்பு) எதிரணியா இருந்தாலும் நல்லா பேசினா தட்டணும், அதுதான் பண்பாடு. ஆனா நடுவர் அவர்களே, ஒரே ஒரு கேள்வி. சுமையே இல்லாம போறவன் எதுக்குங்க சுமைகூலி கொடுக்கணும்?

நீங்க ஓட்டலுக்குப் போறீங்க. பசி அதிகமில்லை, ரெண்டு இட்லி போதும். “அதெல்லாம் முடியாது, எங்ககிட்ட முழுச் சாப்பாடுதான், வடை பாயசம் எல்லாத்துக்கும் சேர்த்துத்தான் பில்லு”ன்னு சொன்னா எழுந்து வந்துடுவீங்களா, மாட்டீங்களா? பெரிய விமானக் கம்பெனிகள் ரொம்ப காலமா செஞ்சது அதுதான். பாயசம் சாப்பிடாத சர்க்கரை நோயாளியும் பாயசத்துக்குக் காசு கொடுத்துக்கிட்டிருந்தார். (கைதட்டல்) மலிவு விமானக்காரன் இட்லிக்கு இட்லி விலை, வடைக்கு வடை விலைன்னு பிரிச்சுப் போட்டான். வேணும்கிறவன் வாங்கு, வேண்டாதவன் விடு. இதிலே ஏமாற்று எங்கே இருக்கு?

சரி, எப்படி இவ்வளவு குறைச்சலா கொடுக்க முடியுது? எதிரணியிலே, “எங்கேயோ கை வைக்கிறான்”னு பூடகமா சொன்னாங்க. எங்கே கை வைக்கிறான்னு நானே சொல்றேன். நேரத்திலே கை வைக்கிறான். அமெரிக்காவிலே டெக்சாஸ் மாநிலத்திலே 1971-ல் சவுத்வெஸ்ட் ஏர்லைன்ஸ்னு ஒரு கம்பெனி பறக்க ஆரம்பித்தது. அடுத்த வருஷமே கையிலே காசில்லை. இருந்த நாலு விமானத்திலே ஒன்றை விற்க வேண்டியதாகிவிட்டது. நாலு விமானம் ஓட்டின அட்டவணையை மூணை வைத்து ஓட்டணும். என்ன செய்தார்கள்? தரை இறங்கின விமானத்தைப் பத்தே நிமிஷத்திலே திருப்பிக் கிளப்பினார்கள்! விமானம் தரையிலே நின்றால் செலவு, வானத்திலே இருந்தால் வரவு. நம்ம ஊரு ஷேர் ஆட்டோக்காரருக்கு இதை யாரும் சொல்லிக் கொடுக்கவே வேண்டாம். (பலத்த சிரிப்பு)

மலேசியாவிலே டோனி பெர்னாண்டஸ் என்பவர் 2001-ல் ஏர் ஏசியா என்கிற கம்பெனியை ஒரே ஒரு ரிங்கிட் கொடுத்து வாங்கினார். ஒரு ரிங்கிட்டான்னு வாயைப் பிளக்காதீங்க, கூடவே தலைக்கு மேலே கடன். இருந்தது ரெண்டு விமானம். அவர் செய்த வேலையும் இதுதான். ஏர்பஸ் ஏ320 என்கிற விமானத்திலே, முன்னாலே சொகுசு வகுப்பு, பின்னாலே சாதாரண வகுப்புன்னு பிரிக்கிறவர்கள் 150 சொச்சம் சீட்டு போடுவார்கள். இவர் 180 போட்டார். முழங்கால் இடிக்கும், உண்மைதான். திருச்சியிலிருந்து கோலாலம்பூர் சுமார் நாலு மணி நேரம். தஞ்சாவூரிலிருந்து சென்னைக்கு பஸ்ஸிலே அதைப்போல ஏறக்குறைய ரெண்டு மடங்கு நேரம் இடிச்சுக்கிட்டு வர்றோமே, அப்போ யாராவது பட்டிமன்றம் வைத்தோமா? (கைதட்டல்)

கணக்குக்கு வருகிறேன். ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பெரிய கம்பெனியிலே டிக்கெட் 15,000 ரூபாய். மலிவு விமானத்திலே 8,000. பெட்டிக்கு 2,500, சாப்பாட்டுக்கு 500, சீட்டுக்கு 400 என்று எதிரணி சொன்ன எல்லாச் சுமைகூலியையும் போடுங்கள். 11,400. ஆளுக்கு 3,600 மிச்சம். நாலு பேர் குடும்பத்துக்கு 14,400. அதிலே நாலு பேருக்கும் நாலு பெட்டி எதுக்கு? ரெண்டு போதும்னா இன்னும் 5,000 சேருது. ஆனால் நம்ம வீட்டிலே யாரு ரெண்டு பெட்டியோட நிறுத்துறாங்க? அங்கேதான் சிக்கல்!

எங்க சின்னம்மா ஒருத்தங்க மலேசியாவிலே இருக்கிற மகளைப் பார்க்கக் கிளம்பினாங்க. கைப்பை ஏழு கிலோதான்னு கம்பெனிக்காரன் எழுதியிருக்கான். சின்னம்மா பை பதினொண்ணு. கம்பெனி பேரு வேண்டாம், அந்தப் பையன் கறாரா நின்னுட்டான். ஒண்ணு காசு கட்டுங்க, இல்லை எடையைக் குறைங்க. சின்னம்மா அசரலை. பையைத் திறந்து ரெண்டு புடவையை எடுத்து மேலே சுத்திக்கிட்டாங்க, ஸ்வெட்டரை மாட்டிக்கிட்டாங்க, முறுக்கை வரிசையிலே நின்ன எல்லாருக்கும் விநியோகம் பண்ணினாங்க. (பலத்த சிரிப்பு) ஏழு கிலோ ஆச்சு. ஏறும்போது அந்தப் பையனுக்கே ஒரு முறுக்கு! இது மனக்கஷ்டம்னு எதிரணி சொல்லுவாங்க. சின்னம்மாவைக் கேட்டா வெற்றிக் கதைன்னு சொல்லுவாங்க. வீட்டிலேயே ஒரு தராசிலே பையை நிறுத்துப் பார்த்துட்டுப் போயிருந்தா முறுக்கும் மிஞ்சியிருக்கும், அவ்வளவுதான் விஷயம்.

அடுத்தது, இடம். ஐரோப்பாவிலே ஊர் பேரைச் சொல்லி எங்கேயோ கொண்டுபோய் இறக்குவான்னு சொன்னாங்க. மறுக்கவில்லை. ஹான் என்று ஒரு விமான நிலையம், ‘பிராங்க்பர்ட் ஹான்’ என்று பெயர் போட்டு ரையன் ஏர் டிக்கெட் விற்றது. பிராங்க்பர்ட் நகரம் அங்கிருந்து சுமார் 120 கிலோமீட்டர். பஸ்ஸிலே போகிற காசிலும் நேரத்திலும் லாபம் கரைந்துவிடும். ஆனால் நம்ம பக்கம் கதை தலைகீழ்! ஏர் ஏசியா 2008-ல் எங்கே வந்தது? திருச்சிக்கு வந்தது. திருச்சியிலிருந்து முன்பே சில விமானங்கள் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மன்னார்குடிக்காரரும் அறந்தாங்கிக்காரரும் மூட்டை முடிச்சோடு 300 கிலோமீட்டருக்கு மேல் சென்னைக்கு ஓடின காலம் அதற்குப் பிறகு வெகுவாகக் குறைந்தது. இந்தியாவிலே உள்நாட்டுப் பயணிகளைவிட வெளிநாட்டுப் பயணிகள் அதிகம் வந்துபோகிற விமான நிலையம் என்று பல வருஷமாகப் பேர் வாங்கியது நம்ம திருச்சி. அங்கே மலிவு விமானம் ஊரை விட்டுத் தள்ளி இறக்கியது. இங்கே ஊருக்குள்ளேயே வந்து ஏற்றியது. (கைதட்டல்)

பாதுகாப்பு பற்றி ஒரு கேள்வி வந்தது. இதிலே நான் வேடிக்கை பேச மாட்டேன். 2014 டிசம்பரிலே ஏர் ஏசியாவின் இந்தோனேசியக் கிளையின் விமானம் கடலிலே விழுந்து 162 பேர் போனார்கள். பழுதான ஒரு பாகமும், அதை விமானிகள் கையாண்ட விதமும் காரணம் என்று விசாரணையிலே வந்தது. மறைக்கவில்லை. அதே 2014-ல் சாப்பாடும் பெட்டியும் சேர்த்துக் கட்டணம் வாங்குகிற மலேசியா ஏர்லைன்ஸ் ரெண்டு விமானத்தைப் பறிகொடுத்தது. ஒன்று காணாமல் போனது, ஒன்று சுட்டு வீழ்த்தப்பட்டது. ரையன் ஏர் 1985-லிருந்து பறக்கிறது. விமான விபத்திலே ஒரு பயணியின் உயிர்கூட அதில் போனதில்லை. டிக்கெட் விலையைப் பார்த்துப் பாதுகாப்பை அளக்க முடியாது. சட்டம் ரெண்டு பேருக்கும் ஒன்றுதான்.

எதிரணி சொன்னதிலே ஒன்றை மட்டும் முழுசா ஒப்புக்கொள்கிறேன். தாமதம். பெரிய கம்பெனியிலே ஒரே டிக்கெட்டா எடுத்து, முதல் விமானம் தாமதமாகி அடுத்த விமானம் போய்விட்டால், வேறொன்றிலே ஏற்றி அனுப்புவது அவர்கள் பொறுப்பு. மலிவு விமானத்திலே தனித்தனியா ரெண்டு டிக்கெட் எடுத்திருந்தால் ரெண்டாவது டிக்கெட் போனது போனதுதான். அதனாலே கல்யாண முகூர்த்தத்துக்கு, பரீட்சைக்கு, வேலையில் சேருகிற தேதிக்குப் போகிறவர்கள் ஒருநாள் முன்னாடியே போய்ச் சேருங்கள். முழங்கால் வலிக்காரர்கள், கைக்குழந்தைக்காரர்கள் யோசித்து எடுங்கள். மிச்சம் எல்லாருக்கும் ஒரே அளவு கிடைக்காது.

இப்போ நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன் நடுவர் அவர்களே. எதிரணியிலே மிச்சத்தை எதோடு ஒப்பிட்டார்கள்? பெரிய விமானத்தோடு. ஆனால் ஏழை பாழைக்கு அதுவா மாற்று? அவனுக்கு மாற்று, போகாமலே இருப்பது!

நாகப்பட்டினத்திலே கப்பல் ஏறி பினாங்கு போன தலைமுறையைக் கேளுங்கள். ரஜூலா கப்பல் என்றால் பழைய ஆட்களுக்குக் கண் கலங்கும். ஏறக்குறைய ஒரு வாரப் பயணம். அதற்கப்புறம் எம்.வி. சிதம்பரம் என்று ஒரு கப்பல். அதுவும் 1985-ல் தீப்பிடித்து உயிர்கள் போய், அதோடு முடிந்தது. எங்க பெரியப்பா மலாயா ரப்பர் தோட்டத்திலே இருந்தார். அவரைப் பெற்ற தாய் இறந்தபோது தந்தி போனது. தந்தி போய் என்ன செய்ய? அடுத்த கப்பல் எப்போதோ, டிக்கெட்டுக்குப் பணம் எப்போதோ. அவர் வந்தது மறுவருஷம். வாசல் திண்ணையிலே உட்கார்ந்து, அம்மா எங்கே படுத்திருந்தாங்க, கடைசியா என்ன சாப்பிட்டாங்கன்னு ஒவ்வொருத்தரா கேட்டார். கேட்டுக்கிட்டே இருந்தார்.

(அவையில் அமைதி)

அந்தப் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன், ஊரோடு திரும்பி வந்து இங்கேயே இருந்து காலமானார். அவர் மகன் கோலாலம்பூரிலே மெக்கானிக். ராத்திரி போன். மறுநாள் விமானத்திலே ஒரு சீட்டு கிடைத்தது. உண்மையைச் சொல்லணும், அன்றைக்கு டிக்கெட் மலிவில்லை. கடைசி நேரத்திலே எடுத்தால் எந்த மலிவு விமானமும் மலிவில்லை. ஆனால் தினம் விமானம் ஒன்று கிளம்புகிறதே, அது எதனாலே? வருஷம் பூராவும் மூணு மாசம் முன்னாடியே டிக்கெட் எடுத்து, ஏழு கிலோப் பையோடு, முழங்கால் இடிக்க இடிக்க ஜனங்கள் போய்வருவதாலே! எங்க சின்னம்மா நாலு புடவையைச் சுத்திக்கிட்டு ஏறினதாலே!

ஐஸ் பெட்டியிலே வைத்துக் காத்திருந்தோம். சாயங்காலம் பையன் வந்து இறங்கினான். பெட்டி இல்லை, தோளிலே ஒரே ஒரு பை. நேரே உள்ளே போய் அப்பா காலைப் பிடித்துக்கொண்டான். வாய்க்கரிசி அவன்தான் போட்டான்.

நடுவர் மணி அடித்துவிட்டார். (கைதட்டல்)