ஓய்வுக்கும் ஒரு மணி அடிக்கட்டும்



நூற்பாலையில் 30 வருஷம் ஷிப்டு பார்த்தவன் நான். தொழிலாளியிடம் தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, நடுவில் அரை மணியாவது ஓய்வு தர வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் விதித்திருந்தது. அந்த அரை மணியின் அருமை, விடியற்காலை 3 மணிக்கு அறுந்த இழையை ஒட்டுகிறவனுக்குத்தான் தெரியும். கண் சொக்கினால் விரல் தடுமாறும். சுற்றுகிற மிஷின் காத்திருக்காது.

வீட்டில் அந்தச் சட்டம் ஏது? காலை டிபனிலிருந்து இரவு பாத்திரம் கழுவுகிற வரை நிற்கிற பெண்களுக்கு யார் மணி அடிக்கிறார்கள்? (முன்வரிசைச் சகோதரிகள் சிரிக்கிறார்கள், பாருங்கள்!)

மாணவத் தம்பிகளே, பரீட்சைக்கு முந்தின ராத்திரி கண்விழிப்பது எங்கள் காலத்து விடுதியிலும் வீரம்தான். ஆனால் படித்தது மனசில் பதியத் தூக்கம் வேண்டும். குடித்த காபியின் வீரியத்தில் சுமார் பாதி, 5 மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும். ஆளுக்கு ஆள் மாறும். சாயங்காலம் 6 மணிக் காபி, படுக்கப் போகிற நேரத்திலும் உங்களை விடாது.

நான் ஞாயிற்றுக்கிழமையும் ஒரே நேரத்தில்தான் எழுந்திருக்கிறேன். மதியம் அலாரம் வைத்து 20 நிமிஷம் கண்ணயர்கிறேன். இரவு ஒன்பதரைக்கு மேல் செல்போன் கூடத்து அலமாரியில். மதியம் 2 முதல் 4 வரை என் மனைவிக்குச் சமையலறை விடுமுறை. அப்போது மாப்பிள்ளையே வந்தாலும் என் கைக்காபிதான்!