சதிர் முதல் டக்கார் வரை

சென்னை மேற்கு மாம்பலத்தின் வீட்டு மாடிகளில் நடக்கும் பரதநாட்டிய வகுப்புகளுக்குக் கடல்கடந்த தமிழ்ப் பிள்ளைகளும் வந்து சேர்கின்றனர். அவர்களின் அரங்கேற்ற அழைப்பிதழ்களில் ஈராயிரம் ஆண்டுத் தொன்மை பேசப்படும் அளவுக்குக் காலனிய நூற்றாண்டு பேசப்படுவதில்லை.

கோயிலோடும் அரசவையோடும் பிணைந்திருந்த தேவதாசிப் பெண்கள் ஆடிய சதிரே பரதநாட்டியத்தின் நேர் முன்னோடி. அந்த ஆட்டம் நிகழும் விருந்துகளைப் புறக்கணிக்குமாறு 1893இல் சென்னைச் சீர்திருத்தவாதிகள் வைஸ்ராயிடமும் ஆளுநரிடமும் விண்ணப்பித்தபோது, அவ்விருவரும் அதில் தவறேதும் காணவில்லை என்று மறுத்துவிட்டனர். ஆள வந்தவர்களுக்கே தோன்றாத கூச்சம், அவர்களுடைய விக்டோரிய ஒழுக்கநெறியைக் கற்றுத் தேர்ந்த உள்ளூர்ப் படிப்பாளிகளைப் பற்றிக்கொண்டது என்பதே இதில் கவனிக்கத்தக்கது. சதிரைப் பரதநாட்டியமாக மறுவார்த்தவர்களில் ஒருவரான ருக்மிணி தேவி 1935இல் சென்னை அடையாற்றில் மேடையேறி, அடுத்த ஆண்டு கலாக்ஷேத்ரா கலைப்பள்ளியை நிறுவினார். பெண்களைக் கோயிலுக்கு அர்ப்பணிக்கும் பொட்டுக்கட்டும் வழக்கம் 1947இல் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. பெண்களைக் கொடுமையிலிருந்து காத்த அச்சட்டத்தின் தேவையை மறுப்பதற்கில்லை. எனினும் அந்தக் குடும்பங்களின் கலையுரிமைக்கு மாற்று ஏற்பாடு எதையும் எவரும் செய்யவில்லை.

இத்தகைய மறுவார்ப்பு ஆப்பிரிக்காவிலும் நடந்தது. அங்கே காலனியப் பொருட்காட்சிகள் வேடிக்கைப் பொருளாக்கிய ஊர் ஆட்டங்களை, விடுதலைக்குப் பின் தேசிய நடனக் குழுக்கள் மேடைக்கேற்பத் திருத்தின. ஆனால் பெனினில் பிறந்த ஜெர்மேன் அகோஞி வேறு வழியில் சென்றார். செனகல் அதிபரும் கவிஞருமான செங்கோர், பிரெஞ்சு நடன இயக்குநர் பெஜார் ஆகியோர் துணையுடன் 1977இல் டக்காரில் தொடங்கப்பட்ட முத்ரா ஆப்பிரிக்கப் பள்ளியை நடத்திய அவர், முதுகெலும்பை உயிரின் பாம்பாகவும் மார்பைக் கதிரவனாகவும் கொள்ளும் தம் பயிற்சிமுறையை, ஊர் ஆட்டமும் ஐரோப்பியப் பயிற்சியும் கலந்து தாமே உருவாக்கிய புதியது என்று வெளிப்படையாகவே அறிவித்தார். சென்னை மறுவார்ப்போ தன் புதுமையைத் தொன்மை என்ற பெயரில் மறைத்துக்கொண்டது. தமிழர் கற்க வேண்டிய வேறுபாடு இதுதான். அந்த மறைப்பைக் கேள்விக்குட்படுத்த, நடன அமைப்பாளர் சந்திரலேகாவின் ‘அங்கிகா’ 1985இல் வரும்வரை காத்திருக்க நேர்ந்தது.

சென்னை மறுவார்ப்பு ஒதுக்க முயன்ற சிருங்காரத்தைக் களைவது கலையைக் குலைப்பது என்று வாதிட்ட, தேவதாசி மரபில் வந்த தஞ்சாவூர் பாலசரஸ்வதி, அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிலும் கற்பித்தார். அவருக்கு 1973இல் மியூசிக் அகாடமி சங்கீத கலாநிதி விருதளித்தபோது, அவருடையதைப் போன்ற பரம்பரைக் குடும்பங்கள் பலவற்றின் பெண்கள் சலங்கையைக் கழற்றி ஒரு தலைமுறை ஆகியிருந்தது.