வேலை என்றால் வேலை இல்லை

(சேரிகளில் மாலை வகுப்பு நடத்தும் தோழர்களின் கூட்டத்தில் பேசியது)



நம்ம பிள்ளைங்களுக்கு வாசிக்கத் தெரியலைன்னு சொல்றாங்க. எதை வாசிக்கத் தெரியலைன்னு நாம திருப்பிக் கேட்கணும். தமிழ்ப் பாடத்தைக் கடகடன்னு வாசிக்கிற பிள்ளை, அறிவியல் பாடத்தில் மூணாவது வரியில் நின்றுவிடுகிறது. எழுத்து அதே எழுத்துதான். மொழி வேறு.

'வேலை' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். தலையில் செங்கல்லைச் சுமந்துகொண்டு, மேஸ்திரி கூப்பிடும்வரை அம்மா நிற்கிறாள். ராத்திரி கழுத்து வலி. புத்தகமோ, இடப்பெயர்ச்சி இல்லையென்றால் செய்த வேலை பூஜ்யம் என்கிறது. இது அவள் உழைப்பைப் பழிக்கிற வரியல்ல. விசையையும் அது நகர்த்திய தூரத்தையும் பெருக்கி வருகிற ஓர் அளவுக்கு இயற்பியல் வைத்துக்கொண்ட பெயர். இதைச் சொல்ல அஞ்சு நிமிஷம் போதும். சொல்லாமல் 'மனப்பாடம் பண்ணு' என்றால், புத்தகம் வேற உலகம், நாம வேற உலகம்னு பிள்ளை முடிவு கட்டிவிடும். நாலு தலைமுறையாகப் பள்ளிக்கூடம் போன வீட்டில் அப்பனோ மாமனோ சொல்லித் தந்துவிடுகிறார்கள். அந்த வசதிக்குப் பெயர்தான் 'தகுதி'. (மெரிட் என்றால் இன்னும் கௌரவம்.)

வங்கிக் குமாஸ்தா என்பதால் வட்டிக்கு வருகிறேன். நம்ம தெருவில் 'அஞ்சு வட்டி' என்றால் நூறு ரூபாய்க்கு மாசம் அஞ்சு ரூபாய். பாடப்புத்தகத்தில் ஆண்டுக்கு 5%. 1000 ரூபாய்க்கு ஒரு வருஷ வட்டி 600 என்று நம்ம பிள்ளை எழுதுகிறது; புத்தகத்தின் விடை 50. வாத்தியார் சுழித்துவிடுகிறார். பெருக்கலில் பிழையில்லை. 'ஆண்டுக்கு' என்ற சொல்லைக் கண் தாண்டிப் போய்விட்டது. கதையில் ஒரு சொல் தாண்டினாலும் கதை புரியும், கணக்கில் அப்படி முடியாதுன்னு யார் சொல்லித் தந்தாங்க? அந்த 600ஐயும் 50ஐயும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் போடுங்க. கந்துவட்டிக்குத் தனிப்பாடம் தேவைப்படாது.

அண்ணல் அம்பேத்கர் 1916இல் சாதியைப் பற்றி வாசித்தது மானுடவியல் கட்டுரை. 1923இல் ரூபாயைப் பற்றி எழுதியது பொருளாதார நூல். அந்தந்தத் துறைக்காரன் கேட்கிற சான்றை அந்தந்த முறையில் வைத்தார். சிலைக்கு மாலை போடுகிற நாம இந்தப் பக்கத்தைப் பார்ப்பதில்லை.

எழுதுவதிலும் இதே கதைதான். பள்ளிக்கூடத்தில் கடிதம் என்றால் விடுப்பு விண்ணப்பம், இல்லாட்டி சுற்றுலா போன கதை. பிறகு காவல் நிலையத்துக்கு மனு எழுதும்போது, 'என்னைக் கேவலமாப் பேசிட்டான், ஐயா பார்த்து நடவடிக்கை எடுக்கணும்' என்று முடித்துவிடுகிறோம். 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில், இழிவாகப் பேசிய குற்றம் பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் நடந்திருக்க வேண்டும். நாலு சுவருக்குள், வெளியாட்கள் இல்லாதபோது பேசியது அதில் வராது என்று 2020இல் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே எந்தத் தேதி, எத்தனை மணி, டீக்கடை வாசலா வீட்டுக்குள்ளா, யார் யார் நின்றார்கள், என்ன சொன்னான் என்பதெல்லாம் மனுவில் வரணும். கூசினாலும் அந்த வார்த்தையை அப்படியே எழுதணும்.

இந்த எழுத்தை எங்கே பழகுவது? அறிவியல் நோட்டில்தான். கண்டது ஒரு கட்டம், அதிலிருந்து முடிவு செய்தது இன்னொரு கட்டம். 'கேவலமாப் பேசினான்' என்பது முடிவு. முதல் கட்டம் காலியாக இருக்கிறது.

வர்ற ஞாயித்துக்கிழமை எட்டாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தோட வாங்க. ஒரு பாடத்தை எடுத்து, எந்தெந்தச் சொல்லில் பிள்ளை நிற்கும்னு கோடு போட்டுப் பார்ப்போம்.